‘எது நல்லது டீச்சர்?’ – குடியாத்தம் பக்கத்தில் ஓர் ஏழாம் வகுப்பு

“உங்களுக்குப் பிடிச்ச மாதிரி செஞ்சி எடுத்துட்டு வாங்க” என்று ஏழாம் வகுப்பில் சொன்னேன். முதல் பருவம், கணக்கில் அளவைகள் பாடம். இணைகரம், சாய்சதுரம், சரிவகம், இவற்றின் பரப்பளவு. எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், எப்படி வேண்டுமானாலும் காட்டலாம், ஒரு வாரம் நேரம். பிள்ளைகள் சந்தோஷத்தில் கத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். வகுப்பு கப்சிப்பென்று இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, “எது நல்லது டீச்சர்?” என்றாள். பின்னாலிருந்து ஒருவன், “எதுக்கு டீச்சர் மார்க்கு அதிகம்?” என்றான்.

ஒரு வாரம் கழித்து எல்லாம் சார்ட்டாக வந்தது. அதிலும் முக்கால்வாசி ஒரே சார்ட். கைடில் இருக்கும் சூத்திரங்கள், ஸ்கெட்சில் பூ பார்டர், மேலே கொட்டை எழுத்தில் பெயர். இரண்டு பேர் கடையில் விற்கும் படத்தாளை வாங்கி வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஒருவன் பிரவுசிங் சென்டரில் அச்செடுத்து வந்திருந்தான். அதிலிருந்த ஒரு வரியைக் கூட அவனால் விளக்க முடியவில்லை. ஐந்தாறு பேர் எதுவுமே கொண்டுவரவில்லை. “சார்ட் வாங்க காசு இல்ல டீச்சர்” என்று ஒருத்தி மட்டும் வாய் திறந்தாள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

நான் கொடுத்ததாக நினைத்த சுதந்திரம் நேராக ஸ்டேஷனரி கடைக்குப் போய்விட்டது. காசு இருந்தவர்கள் அதை வாங்கினார்கள், இல்லாதவர்கள் குற்றவாளிகள் போல நின்றார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதில் பிள்ளைகளின் தவறு என்று எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. பள்ளிக்கு வந்த ஆறு வருடத்தில் யாரும் அவர்களிடம் “உனக்கு என்ன வேண்டும்” என்று கேட்டதில்லை. திடீரென்று ஒருநாள் நான் கேட்டால் எங்கிருந்து பதில் வரும்?

அதற்குப் பிறகு அந்தப் பருவத்திலும் அடுத்த பருவத்திலும் செய்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். வகுப்பில் முப்பது சொச்சம் பிள்ளைகள். பள்ளியின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் வேண்டாம். இது ஓர் அரசு நடுநிலைப் பள்ளி, குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். தறி ஓடும் வீடுகள், பீடி சுற்றும் வீடுகள், விடியற்காலையில் ஷூ கம்பெனி வேனில் ஏறிப்போகும் அம்மாக்கள். வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள், உருது பேசுபவர்கள், தமிழ் பேசுபவர்கள் என்று எல்லாரும் ஒரே பெஞ்சில்.

ஏணி இருந்த காலம்

பிள்ளைகள் தாங்களே கற்பதை நான் பார்ப்பது இது முதல் தடவை இல்லை. செயல்வழிக் கற்றல் வந்தபோது தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராக இருந்தேன். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய அந்த முறை, 2007–08-இல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. அதன் வேர் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆந்திர எல்லையைத் தாண்டி, மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய பாட அட்டைகளும், அவற்றைப் படிப்படியாக வரிசைப்படுத்திக் காட்டும் ஏணிப் படமும்தான் சென்னை வழியாகச் சுற்றி எங்களுக்கு வந்து சேர்ந்தன.

பெஞ்சுகள் போய்ப் பாய்கள் வந்தன. சுவரைச் சுற்றிப் பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் கரும்பலகை, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஓர் இடம். ஏணியில் தான் நிற்கும் படியைப் பார்த்து, அதற்குரிய படம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து பிள்ளையே எடுத்துக்கொள்ளும். ஆசிரியரோடு ஒரு குழு, சக மாணவரோடு ஒரு குழு, தனியாக ஒரு குழு. நாங்களும் தரையில் உட்கார்ந்தோம். நாலு நாள் காய்ச்சலில் படுத்த பிள்ளை திரும்பி வந்தால், விட்ட படியிலிருந்தே தொடரலாம். பாடம் அதை விட்டுவிட்டு ஓடிப்போயிருக்காது. இதை நான் பெரிய விஷயமாகவே மதிக்கிறேன். அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன, பல வகுப்புகள் ஒரே அறையில் இருந்ததால் பதிவேடு எழுதியே கை ஓய்ந்தது. “இன்னா டீச்சர், புக்கும் இல்ல, வீட்டுப்பாடமும் இல்ல?” என்று பெற்றோர் கேட்டார்கள். எல்லாம் உண்மைதான். ஆனாலும் அந்த நாலு வருடப் பிள்ளைகள் என்னிடம் பயமில்லாமல் வந்து நின்றதை நான் மறக்கவில்லை.

இப்போது யோசித்தால் ஒன்று புரிகிறது. அந்த ஏணி, வேகத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்தது. பாதையைக் கொடுக்கவில்லை. படிகளின் வரிசையை வேறு யாரோ முன்பே போட்டுவிட்டார்கள். எட்டாவது படிக்குப் பிறகு ஒன்பதாவதுதான். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளும் பிள்ளையின் மட்டம் அறிந்து கற்பிக்கத்தான். சிறு வகுப்புகளுக்கு அது தேவை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பன்னிரண்டு வயதில், “இது எனக்கு எதற்கு, இதில் எதை நான் எடுக்கட்டும்” என்ற கேள்வி வந்துவிடுகிறது. அந்த இடத்தில் எங்களிடம் ஒன்றும் இல்லை.

சட்டத்தில் இடம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 29-ஆவது பிரிவில், செயல்பாடு, கண்டறிதல், தேடல் வழியாகக் குழந்தையை மையமாக வைத்துக் கற்பிக்கச் சொல்கிறது. நம் முப்பருவ முறையிலும் இடம் இருக்கிறது. பருவ இறுதியில் வரும் தொகுத்தறித் தேர்வுக்கு 60, பருவம் முழுக்க வகுப்பிலேயே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40. அந்த 40-இல் வளரறி (அ) என்பது முழுக்கச் செயல்பாடுகள்தான். எந்தச் செயல்பாடு என்பதை ஆசிரியர் முடிவு செய்கிறோம், அவ்வளவுதான். அந்த முடிவில் ஒரு பங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இரண்டாம் முயற்சி

அதே பருவத்தில் வரும் இன்னொரு பாடம், நேர் மற்றும் எதிர் விகிதங்கள். இந்தத் தடவை “எதை வேண்டுமானாலும்” என்ற வார்த்தையையே நான் எடுக்கவில்லை. மூன்று விஷயங்களை மட்டும் அவர்களிடம் விட்டேன். ஒன்று, பயிற்சியில் இருக்கும் கணக்குகளில் எவை என்பது. இரண்டாவது, யாரோடு உட்கார்ந்து செய்வது. மூன்றாவது, புரிந்ததை எப்படிக் காட்டுவது: நோட்டில் எழுதலாம், பலகையில் விளக்கலாம், வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ ஒரு பொருளைக் கொண்டுவந்து அதிலிருக்கும் விகிதத்தைக் காட்டலாம். எதையும் காசு கொடுத்து வாங்கக் கூடாது, சார்ட் கூடவே கூடாது.

எடுத்ததற்குப் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுத வேண்டும்: ‘ஏன் இதை எடுத்தேன்.’ இரண்டு நாள் கழித்து வேண்டாம் என்றால் ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம், காரணம் கேட்க மாட்டேன். இந்தக் கடைசி விதிதான் மிகவும் உதவியது. தேர்ந்தெடுத்துவிட்டால் மாட்டிக்கொண்டோம் என்ற பயம்தான் பாதிப் பேரைப் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுத வைத்தது. திரும்பி வர வழி இருக்கிறது என்று தெரிந்ததும் கைகள் கொஞ்சம் இளகின.

மதிப்பெண்ணைப் பற்றி முன்கூட்டியே பேசவில்லை. இதற்கு ஒரு காரணம் உண்டு. 1973-இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்து வெளியிட்டார்கள். வண்ணப் பேனாவால் வரையப் பிடித்த குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் பரிசுச் சான்றிதழ் உண்டு என்று முன்பே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். சிலருக்கு எதுவும் தரவில்லை. சில நாள் கழித்துப் பார்த்தால், பரிசை முன்பே சொல்லி வரைய வைத்த குழந்தைகள்தான் அந்தப் பேனாக்களைக் குறைவாகத் தொட்டார்கள். சொல்லாமல் பரிசு பெற்றவர்களின் ஆர்வம் குறையவில்லை. “எதுக்கு மார்க்கு அதிகம்?” என்ற அந்தப் பையனின் கேள்விக்கு இதில் பதில் இருப்பதாக எனக்குப் பட்டது. மதிப்பெண் எப்படியும் பதிவேட்டில் ஏற வேண்டும், ஏற்றினேன். ஆனால் பிள்ளைகள் எடுக்கும்போது அந்த எண் அவர்கள் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டேன்.

லுங்கித் துண்டு

கடைசி பெஞ்சில் ஒரு பையன். நோட்டில் பாதிக் கணக்கோடு நிறுத்திவிடுவான். மூன்றாம் நாள் பையிலிருந்து ஒரு லுங்கித் துண்டை எடுத்து மேசைமேல் விரித்தான். அப்பாவின் தறியில் நெய்தது. நீலமும் பச்சையும் கட்டம் கட்டமாக, நடுநடுவே வெள்ளைக் கோடு. ஒரு ஊக்கை எடுத்து இழை இழையாக எண்ண ஆரம்பித்தான். நான்கைந்து பேர் தலையை மோதிக்கொண்டு குனிந்தார்கள்.

நீலம் 28, வெள்ளை 4, பச்சை 12, மறுபடி வெள்ளை 4. அதற்குப் பிறகு மறுபடி நீலத்தில் தொடங்குகிறது. ஆக ஒரு சுற்றுக்கு 48 இழை. ஸ்கேலை வைத்துப் பார்த்தான், சரியாக 2 சென்டிமீட்டர். “அகலம் 120 சென்டிமீட்டர்னா எத்தன சுத்து வரும்?” என்று கேட்டேன். 60 என்றான். பலகையில் பெருக்கினான்: 2,880 இழை. நீலம், வெள்ளை, பச்சை விகிதம் 28:8:12, சுருக்கினால் 7:2:3. நீல நூல் 1,680, வெள்ளை 480, பச்சை 720. கூட்டிப் பார்த்தான், 2,880 வந்தது. அவன் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்.

அப்போது முன்வரிசைப் பெண் கேட்டாள், “எல்லாமே ரெட்டப்படையா வருதே, ஏன்?” எனக்கு அதற்குப் பதில் தெரியாது, நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. அவன் சாதாரணமாகச் சொன்னான்: “தறில சீப்பு மாதிரி இருக்கற அச்சுல ஒவ்வொரு பல்லு நடுவுலயும் ரெண்டு ரெண்டு இழைதான் போவும். ஒத்தப்படை வெச்சா ஒரு சந்துல ரெண்டு கலரு ஒண்ணா சேந்துடும், கோடு சுத்தமா வராது.” வகுப்பில் எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏழு வருடமாக இந்தப் பிள்ளைகளோடு இருக்கிறான், அவனிடம் யாரும் எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. அன்றைக்கு ஆசிரியர் உட்படக் கேட்டோம்.

இதைப் பெருமையாக அவன் அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “தறிக் கணக்கு எனக்கே தெரியும் டீச்சர். அத கத்துக்கவா இஸ்கூலுக்கு அனுப்பறேன்? அவனுக்கு வேற கணக்கு சொல்லிக் குடுங்க” என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது நியாயம். தறிக்குழியிலிருந்து மகன் வெளியே போக வேண்டும் என்று ஒரு மனிதர் அரும்பாடுபடும்போது, உன் வாழ்க்கையிலிருந்தே கற்றுக்கொள் என்று நான் அவனைத் திரும்ப அதே குழிக்குள் உட்கார வைப்பது எப்படி? பக்கத்தில் இருப்பதிலிருந்து தொடங்குவது சரி, அங்கேயே முடித்துவிடக் கூடாது. அதனால் அடுத்த தடவை முதல், வீட்டுப் பொருளை எடுப்பவர்கள் அதோடு சேர்த்துத் தாங்கள் பார்த்திராத ஒன்றையும் எடுக்க வேண்டும் என்று வைத்தேன். அந்தப் பையன் ரயிலை எடுத்தான். காட்பாடியிலிருந்து சென்னைக்குச் சுமார் 130 கிலோமீட்டர், எந்த வேகத்தில் எவ்வளவு நேரம். குடியாத்தம் ஸ்டேஷனில் நிற்காமல் போகும் வண்டிகளைப் பற்றி அவனுக்கு நிறையக் கோபம் இருந்தது, அதையும் எழுதியிருந்தான்.

பீடிக் கணக்கும் பூக் கணக்கும்

இன்னொரு பெண் எதிர் விகிதத்தை எடுத்தாள். புத்தகக் கணக்குப்படி ஒருவர் 10 மணி நேரத்தில் முடிக்கும் வேலையை இரண்டு பேர் 5 மணி நேரத்தில் முடிப்பார்கள். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்து மெதுவாகச் சொன்னாள்: “டீச்சர், இந்தக் கணக்கு தப்பு.”

எப்படி என்றேன். அம்மா ஒரு மணி நேரத்தில் 4 கட்டு பீடி சுற்றுவாள். கட்டுக்கு 25. இவள் 1 கட்டு. 1,000 பீடிக்கு 40 கட்டு. அம்மா மட்டும் என்றால் 10 மணி நேரம், இரண்டு பேரும் சேர்ந்தால் மணிக்கு 5 கட்டு, ஆக 8 மணி நேரம். “அஞ்சு மணி நேரத்துல எப்பவும் முடியாது டீச்சர்” என்றாள்.

எதிர் விகிதத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. எல்லாரும் ஒரே வேகத்தில் வேலை செய்வார்கள் என்று எடுத்துக்கொண்டால்தான் அந்தச் சூத்திரம் நிற்கும். இத்தனை வருடம் நான் அந்த வரியை வாசித்துக் கடந்து போயிருக்கிறேன். பாடத்தில் இதைவிட ஆழமான ஒரு கேள்வியை எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

ஆனால் அந்த நோட்டு இன்னொன்றையும் சொன்னது. இரவில் அவள் பீடி இலை வெட்டி உட்காருகிறாள். அதைப் பற்றி அவள் அம்மாவிடம் தனியாகப் பேசினேன், இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். அது வேறு பேச்சு, இங்கே விரிவாக எழுத எனக்கு உரிமை இல்லை. வகுப்பைப் பொறுத்தவரை அவளிடம் கேட்டேன்: இதைப் பலகையில் விளக்குகிறாயா, என்னோடு மட்டும் இருக்கட்டுமா? ஒரு நாள் யோசித்துவிட்டு விளக்குகிறேன் என்றாள். மறுநாள் பலகையில் அதே கணக்குதான், ஆனால் பீடி இல்லை. அம்மா மணிக்கு 4 முழம் பூ கட்டுகிறாள், மகள் 1 முழம், மொத்தம் 40 முழம். நான் எதுவும் சொல்லவில்லை. வீட்டை வகுப்புக்குள் கொண்டுவரச் சொல்லும் ஆசிரியர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். எதைக் காட்டுவது என்பது பிள்ளையின் விருப்பம் என்றால், எதைக் காட்டாமல் இருப்பது என்பதும் பிள்ளையுடையதே. அன்றிலிருந்து எதையும் சுவரில் ஒட்டும் முன் ஒவ்வொருவரையும் கேட்கிறேன்.

கணக்கு எப்படி முடிந்தது

நஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். பாடம் திட்டமிட்டதைவிட இரண்டு வாரம் இழுத்தது. அந்தப் பருவத்தின் கடைசிப் பாடத்தை அவசர அவசரமாக நடத்தினேன், அது பிள்ளைகளுக்கு நான் செய்த அநியாயம். தொகுத்தறித் தேர்வில் மதிப்பெண் பெரிதாக ஏறவில்லை. மாறியது ஒன்று உண்டு. எதிர் விகிதக் கேள்விக்கு வெற்றிடமாக விட்ட தாள் எனக்குக் கிட்டத்தட்ட வரவில்லை. தப்பாகவாவது முயன்றிருந்தார்கள். முதல் ராங்க் வாங்கும் பெண் கோபமாக வந்தாள். “நான் எல்லா கணக்கும் போட்டேன், அவங்க ஆறுதான் போட்டாங்க, ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரியா?” என்றாள். அவளுக்கு நான் சரியான பதில் இன்னும் சொல்லவில்லை. வேகமாகப் போகும் பிள்ளைக்குச் சுதந்திரம் என்பது கூடுதல் கணக்கு மட்டும்தானா என்று நானே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

யாரோடு உட்காருவது என்ற விஷயம் முதலில் கெட்டது. தெருவாரியாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். ஒரே ஒரு பெண்ணை யாரும் அழைக்கவில்லை. இரண்டாம் நாளே அதை நிறுத்தினேன். ஜோடியை நான் போடுகிறேன், வாரத்தில் ஒரு நாள் மட்டும் அவர்கள் விருப்பம் என்று மாற்றினேன். ஊரின் கோடுகள் எல்லாம் தெரிந்த நான் இதை முன்பே யோசித்திருக்க வேண்டும். பிள்ளைகளின் விருப்பம் என்ற பெயரில் ஒரு பிள்ளை தனியாக நிற்பதை எந்தக் கல்விக் கொள்கையும் நியாயப்படுத்த முடியாது. அப்புறம் அந்தப் பெண்ணும் வீட்டில் தெலுங்கு பேசும் ஒருத்தியும் ஜோடியானார்கள். இருவரும் இரண்டு மொழியில் கிசுகிசுவென்று பேசிக் கணக்குப் போட்டதைப் பார்த்து மனசு ஆறியது.

கடைசியாக ஒரு பையனைப் பற்றி. என்ன கொடுத்தாலும், “நீங்களே சொல்லுங்க டீச்சர்” என்பான். சோம்பேறித்தனம் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது. அம்மா காலை ஆறு மணிக்கெல்லாம் ஷூ கம்பெனி வேனில் போய்விடுகிறாள். தம்பியையும் தங்கையையும் எழுப்புவது, சோறா உப்புமாவா என்று பார்ப்பது, தங்கைக்கு ஜுரம் என்றால் பள்ளிக்கு அனுப்புவதா வேண்டாமா என்பது வரை எல்லாம் அவன் முடிவுதான். வீட்டில் நாள் முழுக்க முடிவெடுத்துக் களைத்து வரும் பிள்ளை. ஒரு இடத்திலாவது யாராவது ‘இதைச் செய்’ என்று சொன்னால் போதும் என்று இருக்கிறான். சுதந்திரம் வேண்டாம் என்று சொல்லும் பிள்ளையிடமும் ஒரு காரணம் இருக்கும் என்பதை அவன்தான் எனக்குக் காட்டினான்.

அதனால் ‘டீச்சர் சொல்வதைச் செய்கிறேன்’ என்பதையும் ஒரு தேர்வாகப் பட்டியலில் சேர்த்தேன். இரண்டு பருவமும் அவன் அதையே எடுத்தான், நான் சொன்னதைச் செய்தான், நன்றாகவே செய்தான். நான் எதுவும் தூண்டவில்லை.

மூன்றாம் பருவம் தொடங்கிய வாரத்தில் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவன் நோட்டில் நான் சொல்லாத ஒரு கணக்கு இருந்தது, பயிற்சியில் ஏழாவது. பக்கத்தில் அந்த ஒரு வரி: ‘ஏன் இதை எடுத்தேன் – இது சின்னதா இருந்துச்சி, தங்கச்சிய கூப்டப் போவணும்.’ விடை சரியாக இருந்தது. டிக் போட்டு அடுத்த நோட்டை எடுத்தேன்.